குழாயில் மின்சாரம் இல்லை

சமையலறைக் குழாய் கடிக்கிறது என்று அவள் முதன்முதலில் சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு மூன்றாவது வாரத்தில்தான் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவர் அவளுடைய கணவர். அந்தப் பொறுப்பை வேறொருவர் தலையில் கட்டுவதற்கில்லை; கட்ட முயன்றதுதான் இந்தக் கதை.

அவர் ஒரு மருந்துக் கிடங்கில் சரிபார்ப்பாளர். வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, பட்டியலோடு ஒப்பிட்டு, மூடி, ஒட்டி, ஓரத்தில் கையெழுத்திடுவது அவர் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் கையெழுத்திட்ட பெட்டி ஒன்றுகூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை. ஏணியில் ஏறுபவரைக் கண்டால் "பத்திரம்" என்பார். தேநீர்க் குவளையைத் தூக்குபவரிடமும் அதையே சொல்வார். நாளடைவில் கிடங்கில் அவருக்குப் பத்திரம் என்பதே பெயராகிவிட்டது. அந்தப் பெயர் எப்படியோ வீடு வரைக்கும் வந்து சேர்ந்தது. அவர் படியேறும் ஓசை கேட்டால், "வந்துட்டாருடி பத்திரம், அடுப்ப அணைச்சோமான்னு கேப்பாரு பாரு" என்று மனைவி மகளிடம் சொல்வாள். அவரும் உள்ளே வந்ததும் அதைத்தான் கேட்பார்.

மனைவி வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுப்பவள். கூடத்தில் சன்னலோரமாக அவளுடைய மிதிபலகை இயந்திரம் கிடந்தது. வெறுங்காலால் மிதித்தால்தான் தையல் ஓட்டம் கைக்கு வசப்படும் என்பது அவள் கட்சி. அதனால் வீட்டுக்குள் அவள் செருப்புப் போட்டதே இல்லை. கணவரும் மகளும் ரப்பர்ச் செருப்பில்லாமல் தரையில் கால் வைத்ததில்லை. தரையின் குளிர்ச்சி மூட்டுக்கு ஆகாது என்று பத்திரம் இட்ட சட்டம் அது.

"என்னங்க, பாத்திரம் கழுவுற குழாய்ல கை வச்சா சுள்ளுங்குது," என்றாள் அவள்.

"ஈரக் கையா?"

"பாத்திரம் கழுவுறவ கை பின்ன எப்படி இருக்கும்?"

அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்தார், மூடினார். ஒன்றும் தெரியவில்லை. மகளும் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. இருவர் காலிலும் செருப்பிருந்தது.

மறுநாள் மாலை கடைக்குப் போய் ஒரு டெஸ்டர் வாங்கினார். திருப்புளி போன்ற உருவம், ஒளி ஊடுருவும் கைப்பிடி, அதற்குள் பயறு அளவில் ஒரு சிறு விளக்கு. கடைக்காரர் அதைச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் நுழைத்து, கைப்பிடியின் தலையிலிருந்த உலோகக் குமிழில் விரலை வைத்துக் காட்டினார். விளக்கு செம்மஞ்சளாக எரிந்தது. பத்திரம் திருப்தியடைந்தார். உடன் கொடுத்த துண்டுத்தாளையும் அவர் விடவில்லை. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். 'முதலில் மின்சாரம் உறுதியாக உள்ள இடத்தில் தொட்டு, விளக்கு எரிவதைப் பார்க்கவும். தலையிலுள்ள உலோகத்தை வெறும் விரலால் தொடவும்' என்று அதில் இருந்தது.

அவருக்கு அது பிடிக்கவில்லை. மின்சாரம் இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியின் உலோகத்தை வெறும் விரலால் தொடு என்று ஒருவன் எழுதுகிறான் என்றால் அவன் எவ்வளவு பொறுப்பற்றவனாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். மின்சாரம் உள்ள இடத்தில் வேண்டுமென்றே போய்த் தொட்டுப் பார்ப்பதும் அவருக்கு விளையாட்டுத்தனமாகப் பட்டது. கிடங்கில் அமிலப் புட்டிகளைத் தூக்குவதற்குக் கொடுத்த கனமான ரப்பர்க் கையுறைகள் இருந்தன. அவற்றை மாட்டிக்கொண்டு, செருப்புக் காலுக்குக் கீழே ஒரு பலகையையும் போட்டு, டெஸ்டரின் நடுப்பகுதியைப் பிடித்துக் குழாயில் வைத்தார்.

விளக்கு எரியவில்லை.

எப்படி எரியும்? அந்தச் சிறு விளக்கு தானாக எரிவதில்லை. குழாயிலிருந்து டெஸ்டருக்குள் ஏறும் மிக மெல்லிய மின்னோட்டம், கைப்பிடிக்குள் இருக்கும் தடையைக் கடந்து, விளக்கைக் கடந்து, தொடும் விரல் வழியாக மனித உடம்பில் இறங்கித் தரைக்குப் போக வேண்டும். உடம்பு உணராத அளவுக்கு அது மெல்லியது. அந்தப் பாதையில் விரலும் ஒரு கம்பி. அவர் கையுறையால் அந்தக் கம்பியை அறுத்தார்; செருப்பாலும் பலகையாலும் மறுபடி இருமுறை அறுத்தார். அறுத்துவிட்டு, "குழாயில மின்சாரம் இல்ல," என்று அறிவித்தார்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் கடிக்குது?"

"நரம்பா இருக்கும். நாள் பூரா குனிஞ்சு தைக்கிற இல்ல."

"ஊசி குத்துறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? முப்பது வருசமா விரல்ல ஊசி வாங்குறவ நான்."

சரிபார்த்தாகிவிட்டது, சரிபார்த்ததன்மேல் விவாதிப்பது அவர் வழக்கமில்லை. ஒரு தாளில் தேதியிட்டு, 'குழாய்: எரியவில்லை' என்றெழுதி, கையெழுத்திட்டு, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினார். அவள் மீண்டும் முறையிடும்போதெல்லாம் மீண்டும் சோதித்தார். ஒவ்வொரு முறையும் கையுறை, பலகை, எரியாத விளக்கு, ஒரு தேதி, ஒரு கையெழுத்து. மூன்று வாரத்தில் அந்தத் தாளில் ஒன்பது வரிகள் சேர்ந்தன.

அவள் தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். வெட்டித் தள்ளிய துணித்துண்டு ஒன்றைக் குழாயின் திருகில் நான்கு மடிப்பாகச் சுற்றிக் கட்டினாள். அதைப் பிடித்துத் திறந்தால் கடி குறைந்தது.

"அம்மா, குழாய்க்குச் சட்டையா? அளவெடுத்துத் தச்சியா?" என்று மகள் கேட்டாள். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வேலை செய்பவள். இருபத்து மூன்று வயது. தந்தையைப் போலவே நிதானமானவள்.

"உங்கப்பா டெஸ்டர் தூங்குதுடி. அது முழிக்கிற வரைக்கும் நான் சட்டை போட்டுத்தான் ஆகணும்."

"அந்தக் குழாய்க்கு இந்த வீட்டுல உங்கம்மாவ மட்டும்தான் பிடிக்கல. என்ன பகையோ," என்றார் பத்திரம்.

மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். மனைவியும் சேர்ந்து சிரித்தாள். ஊசிக்குக் கூடச் சளைக்காதவளுக்கு அவர்களுடைய சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அன்று முதல் அவள் குழாயைப் பற்றி வீட்டில் யாரிடமும் முறையிடவில்லை. தாளில் பத்தாவது வரி விழவில்லை.

அந்த மாதத்தின் கடைசியில் வயர்மேன் வந்தார். கட்டடத்திலுள்ள ஒவ்வொரு வீட்டின் மின்னிணைப்பையும் ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற ஒருவர் பார்த்துச் சான்றுச் சீட்டுத் தர வேண்டும் என்பது விதி. வீட்டுக்கார அம்மா அவரை ஏற்பாடு செய்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர், தோளில் ஒரு கான்வாஸ் பை, காலையிலிருந்து ஐந்து வீடு முடித்துவிட்டார், இன்னும் நான்கு இருந்தன. மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தார். கூடத்துப் பாயிண்டில் மீட்டரை வைத்து அளந்தார். பிறகு சமையலறைக்கு வந்தார். தொட்டிக்கு மேலே சுவரில், குளியலறைக்கும் சேர்த்துத் தண்ணீர் சுடவைக்கும் கீசர் மாட்டியிருந்தது. அதிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய்தான் அந்தப் பித்தளைக் குழாயில் முடிந்தது.

"இது என்னக்கா, குழாய்க்குக் கட்டுப் போட்டிருக்கீங்க? அடிபட்டுடுச்சா?"

"அது அடிபடல தம்பி. எனக்குத்தான் அடிபடுது. தொட்டா சுள்ளுங்குது. கீசர் போட்டா இன்னும் அதிகமா."

"அப்படியா?" வயர்மேன் பையைக் கீழே வைத்தார்.

பத்திரம் அலமாரிக் கதவைத் திறந்து தாளைக் காட்டினார். வயர்மேன் ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் முகத்தில் உண்மையான மரியாதை தெரிந்தது.

"ஒன்பது தடவையா சார்? கீசர் போட்டுமா?"

"போட்டும் பார்த்தேன், அணைச்சும் பார்த்தேன். ஒரு தடவைகூட எரியல."

"எங்க ஆளுங்களே இப்படிப் பார்க்க மாட்டாங்க சார். உங்கள வேலைக்கு எடுத்துக்கலாம் போலிருக்கு."

"நீங்க ஒரு தடவ அந்த மீட்டர வச்சுப் பாருங்களேன் தம்பி," என்றாள் அவள். "டெஸ்டர் ஏதோ எனக்கு எதிரா சாட்சி சொல்லுது."

வயர்மேன் பையின் ஜிப்பை இழுத்தார். மீட்டரின் மஞ்சள் விளிம்பு வெளியே தெரிந்தது. அதைப் பார்த்ததும் பத்திரத்துக்கு என்ன தோன்றியது என்பதை அவர் பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறார். தன் கையெழுத்துள்ள பெட்டியைத் தன் கண்ணெதிரே இன்னொருவன் பிரிக்கிறான் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

"தம்பிக்கு இன்னும் நாலு வீடு இருக்கு," என்றார் மனைவியிடம். "அதான் ஒன்பது தடவை பார்த்தாச்சுல்ல."

வயர்மேன் அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜிப் மூடிக்கொண்டது. சீட்டுப் புத்தகத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்திட்டுக் கிழித்துக் கொடுத்தார். 'சமையலறை: பரிசோதிக்கப்பட்டது. மின்கசிவு இல்லை' என்று அதில் முன்பே அச்சாகியிருந்தது. யார் பரிசோதித்தார் என்று அது சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை எழாதபடி அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். நாடெங்கும் மனிதர்கள் இப்படிப் பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்திட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறார்கள். அந்தச் சீட்டை நம்பி மற்றவர்கள் ஈரக் கையோடு நிற்கிறார்கள்.

வயர்மேன் போனதும் பத்திரம் குழாயிலிருந்த துணியை அவிழ்த்தார். "ஈரத்துணிதான் ஆபத்து. அதுல மின்சாரம் நல்லாப் பாயும்," என்றார். அவர் சொன்னது சரிதான். அன்று அவர் சொன்னவற்றுள் எதுவும் தனித்தனியே எடுத்தால் தவறில்லை.

"இப்ப ரெண்டு பேரு பார்த்துட்டாங்கம்மா," என்றாள் மகள். "இனிமேலாவது அத மறந்துடு."

"மறந்துட்டேன் தாயே," என்றாள் அவள்.

பதினொரு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, மகள் தலை குளிக்க வேண்டும் என்று கீசரைப் போட்டாள். பத்திரம் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது. அதைத் தொடர்ந்து அவள் ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். தட்டு விழுந்தால் அவள் தட்டைத் திட்டுவது வழக்கம். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போனார். அவள் ஒரு கையால் குழாயையும், மறு கையால் தொட்டிக்கு மேலிருந்த சன்னல் கம்பியையும் பிடித்தபடி நின்றிருந்தாள். முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. பேச வாயெடுத்தவள் போல இருந்தாள்.

அவர் அவளைத் தொடவில்லை. ஓடிப்போய் மெயினை இறக்கினார். அதுதான் சரியான முறை. அவள் சரிந்தாள். மூச்சில்லை என்று தெரிந்ததும் மார்பை அழுத்தினார்; கிடங்கில் ஆண்டுதோறும் அதற்குப் பயிற்சி தருவார்கள். எண்ணிக்கை பிசகாமல் அழுத்தினார். மகள் ஈரத் தலையோடு ஓடிவந்து நின்றாள். வண்டி வந்தது. மருத்துவர் பார்த்தார். பத்திரம் செய்த எதிலும் பிழையில்லை என்றார் மருத்துவர்.

ஆறாம் நாள் மின் ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி; அதிகம் பேசாதவர். வயர்மேனை வரவழைத்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மா வாசற்படியிலேயே நின்றுகொண்டார். இறந்தவளின் தம்பி கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். மகள் தந்தையின் பக்கத்தில் நின்றாள்.

ஆய்வாளர் அவசரப்படவில்லை. முதலில் கூடத்துப் பாயிண்டில் மீட்டரை வைத்து, மீட்டர் சரியாக வேலை செய்கிறது என்பதை உறுதி செய்துகொண்டார். மின்சாரம் வரும் பேஸ் கம்பிக்கும், அது திரும்பிப் போகும் நியூட்ரலுக்கும் நடுவே இருநூற்று முப்பது வோல்ட். பேஸுக்கும், கசிவைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த்துக்கும் நடுவே ஏறத்தாழ அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு. இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு சமையலறைக்குப் போனார். கீசர் பாயிண்டில் பேஸுக்கும் எர்த் துளைக்கும் நடுவே மீட்டர் முள் அசையவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பாயிண்டைக் கழற்றினார். எர்த் கம்பி வரவேண்டிய இடத்தில் வெறும் திருகு மட்டும் இருந்தது. கட்டிய நாளிலிருந்தே அதில் யாரும் கம்பி மாட்டியதில்லை. பிறகு எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மின்சாரத்தை விட்டு, கீசரைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையைக் குழாயிலும் மறு முனையைக் கூடத்திலிருந்து நீட்டி இழுத்த எர்த் கம்பியிலும் வைத்தார்.

"நூத்தித் தொண்ணூறு," என்றார். திரும்பவும் கூடத்துப் பாயிண்டுக்கு வந்து, மீட்டர் இன்னும் சரியாகத்தான் காட்டுகிறதா என்று பார்த்தார். காட்டியது.

"அளந்தீங்களா?" என்று வயர்மேனைக் கேட்டார்.

"இல்ல மேடம். சார் ஒன்பது தடவை டெஸ்டர் வச்சுப் பார்த்ததா எழுதி வச்சிருந்தாரு. அக்கா மீட்டர் வைக்கச் சொன்னாங்க. நான் பையக்கூடத் திறந்தேன். சார்தான் வேணாம்னாரு."

"எங்கப்பா மேல பழி போடாதீங்க," என்றாள் மகள். குரல் உயரவில்லை. "சம்பளம் வாங்கிட்டுச் செய்யுற வேலைய நீங்க செய்யல. எங்கப்பா சும்மாவே ஒன்பது தடவை செஞ்சாரு."

"ஆமா மேடம்," என்றான் மைத்துனன். "மாமா மாதிரி ஜாக்கிரதையான ஆளப் பார்க்க முடியாது. எங்க அக்கா அதச் சொல்லிச் சொல்லியே சிரிப்பா."

ஆய்வாளர் டெஸ்டரைக் கேட்டு வாங்கினார். கூடத்துப் பாயிண்டில் வைத்து, குமிழில் விரலை வைத்தார். எரிந்தது. குழாயில் வைத்தார். மறு கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தார். அங்கும் எரிந்தது. பத்திரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் விரல். தேய்ந்த நகம். அந்த விரல் குமிழின் மேலிருந்து எழுந்ததும் விளக்கு அணைந்தது. மீண்டும் படிந்ததும் எரிந்தது. இருபத்திரண்டு ஆண்டுக்காலச் சரிபார்ப்பாளருக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"டெஸ்டர்ல குறையில்ல," என்றார் ஆய்வாளர். "சார், நீங்க பார்க்கும்போது தலையில விரல் வச்சுத்தானே பிடிச்சீங்க?"

மகள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு அவருடைய பதிலில் அவளுக்கு உறுதி இருந்தது. அந்த உறுதிதான் அவரை வீழ்த்தியது.

"ஆமா," என்றார்.

"அப்ப கசிவு விட்டு விட்டு வந்திருக்கு. அதத்தான் உரிமம் உள்ளவர் மீட்டர் வச்சுக் கண்டுபிடிச்சிருக்கணும்." ஆய்வாளர் எழுதினார். வயர்மேனின் உரிமம் அன்றே நிறுத்தி வைக்கப்பட்டது. வழக்கும் வரும் என்றார்கள். வயர்மேன் படியிறங்கும்போது பத்திரத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. தான் எதையோ தவறாக நினைவு வைத்திருக்கிறோமோ என்று ஐயப்படுகிறவரின் பார்வையாக இருந்தது அது.

எல்லாரும் போன மறுநாள், மகள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பத்திரம் கையுறையை மாட்டிக்கொண்டு டெஸ்டரைக் கூடத்துப் பாயிண்டில் நுழைத்தார். விளக்கு எரியவில்லை. அதில் இருநூற்று முப்பது இருந்தது. ஒன்பது முறை செய்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒருமுறை போதுமானதாக இருந்தது.

அதன்பிறகு அவருக்கு இரண்டு பேர் முன்னால் வாழ வேண்டியதாயிற்று. மாலையில் மகள் வந்து, "அந்த ஆள் மட்டும் ஒழுங்கா வேலை பார்த்திருந்தா" என்று தொடங்குவாள். அவர் தலையசைப்பார். அவளுக்குத் துக்கத்தைச் சாய்த்து வைப்பதற்கு ஒரு சுவர் கிடைத்திருந்தது. அந்தச் சுவர் வயர்மேன். அதை இடித்தால் அவள் எதன்மேல் சாய்வாள் என்று அவர் நினைத்தார். பகலில் கிடங்கில் உட்கார்ந்திருக்கும்போது வயர்மேனின் பார்வை வந்து நிற்கும். பெட்டியைத் திறப்பார், எண்ணுவார், எண்ணியதை நம்ப முடியாமல் மீண்டும் எண்ணுவார். ஒரு நாளில் முடிய வேண்டிய பெட்டிகள் பாதிகூட முடியவில்லை. மேலாளர், "பத்திரம், ரெண்டு வாரம் ஓய்வெடுங்க," என்றார்.

ஐந்தாவது வாரத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நான்கு பக்கத்தில் நடந்ததையெல்லாம் எழுதினார். கையுறை, செருப்பு, பலகை, துண்டுத்தாளில் படித்தும் மதிக்காத இரண்டு வரி, வயர்மேனின் பையை மூடவைத்த சொல், ஆய்வாளரிடம் சொன்ன பொய். எதையும் மென்மையாக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனார். படிக்கட்டில் வயர்மேன் எதிரே இறங்கி வந்தார். தோளில் பையில்லை.

"தம்பி, நான் உண்மைய எழுதிக் கொண்டுவந்திருக்கேன். நான் கையுறை போட்டுப் பார்த்தேன். அதனாலதான் எரியல."

வயர்மேன் கையிலிருந்த கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நான் கேட்டிருக்கணும் சார்," என்றார். "எப்படிப் பிடிச்சீங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். பத்து வினாடி வேலை."

"உங்க உரிமம் திரும்பக் கிடைச்சிடும்."

"கெடைக்காது சார். நேத்தே ரத்து பண்ணிட்டாங்க. இப்ப அந்தக் கடுதாசியதான் வாங்கிட்டுப் போறேன்." இரண்டு படி இறங்கியவர் நின்றார். "கெடைச்சாலும் எந்த வீட்டுக்குப் போவேன்? அக்கா கேட்டாங்க, நான் ஜிப்ப மூடினேன். அதுக்கு நீங்க என்ன எழுதிக் குடுத்தாலும் ஒண்ணும் ஆகாது."

ஆய்வாளர் நான்கு பக்கத்தையும் படித்தார். இடையில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோப்புல சேர்த்துடறேன்," என்றார். "ஆனா முடிவு மாறாது. நீங்க எப்படிப் பிடிச்சிருந்தாலும் அவர் அளக்கல. அது அவர் கடமை."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்ன தண்டனை?"

"வீட்டுல இருக்கிறவங்க டெஸ்டரத் தப்பாப் பிடிச்சா அது குற்றமில்ல. பொய் சொன்னதுக்கு வேணும்னா எச்சரிக்கைன்னு ஒரு வரி எழுதலாம். அவ்வளவுதான்." அவர் தாள்களை அடுக்கினார். "நீங்க வேணும்னு செய்யல சார். வீட்டுக்குப் போங்க. ஒப்புகைக்கு ஒரு நகல் தபால்ல வரும்."

அவர் இன்னும் சிறிது நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாராவது தன்னைக் கண்டிப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர் அவர். அந்த அலுவலகத்தில் அதற்கென்று ஒரு மேசை இல்லை. அடுத்தவர் உள்ளே வந்ததும் எழுந்தார்.

மகளிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தார். அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நகல் வர ஒரு வாரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்; மூன்றாம் நாளே வந்துவிட்டது. தபால்காரர் வந்தபோது வீட்டிலிருந்தது மகள்.

அவர் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அவள் தையல் இயந்திரத்தின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தாள்கள் மடியில் இருந்தன. நான்கு பக்கமும் அவர் கையெழுத்து. தப்பித்துக்கொள்ள வேறு பொருள் சொல்வதற்கு அதில் இடமில்லை.

"படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன்."

அவர் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்; கத்துவாள் என்று எதிர்பார்த்தார். இரண்டுக்கும் ஆயத்தமாகத்தான் இருந்தார்.

"அம்மா கடைசியா என்கிட்ட அந்தக் குழாயப் பத்திப் பேசினப்போ நான் என்ன சொன்னேன் தெரியுமாப்பா?" என்றாள் அவள். "அப்பா பார்த்துட்டாரு, அந்த ஆளும் பார்த்துட்டாரு, இனிமே மறந்துடுன்னு சொன்னேன். மறந்துட்டேன் தாயேன்னா. யாருமே பார்க்கல. பார்க்காதத பார்த்ததா சொல்லி நான்தான் அவள மறக்க வச்சிருக்கேன்."

"தப்பு என்னுதும்மா. நீ அப்பா சொன்னத நம்பின."

"அந்த வயர்மேனும் அதத்தான செஞ்சான்?"

அவள் மடியிலிருந்த தாள்களை நேராக்கி மடித்தாள்.

"ஏம்பா எழுதினீங்க?" என்று கேட்டாள். குற்றம் சாட்டும் தொனியில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். "அவனுக்கு உரிமம் திரும்பக் கிடைக்காதுன்னு கூட வந்த கடுதாசில போட்டிருக்கு. உங்களுக்கும் ஒண்ணும் ஆகல. அம்மா வரப் போறதில்ல. யாருக்காக எழுதினீங்க?"

உண்மைக்காக என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல்லைச் சொல்லும் தகுதியைத் தானே கெடுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. எனக்காக என்று சொல்வதே சரியாக இருந்திருக்கும். அதையும் சொல்லவில்லை.

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. தாய்மாமன் வந்து அழைத்தும் போகவில்லை. வழக்கம் போலச் சமைக்கிறாள், அவருக்குப் பரிமாறுகிறாள், பேசுகிறாள். ஒன்றை மட்டும் அவள் நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் வாசற்கதவு பூட்டியாயிற்றா, பால் கெட்டிருக்குமா, மழை வருமா, இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எதற்கெடுத்தாலும் அவரைத்தான் கேட்பாள். இப்போது கேட்பதில்லை. அவர் பூட்டிய கதவை எழுந்து போய் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவரைப் புண்படுத்துவதற்காக அவள் அதைச் செய்யவில்லை என்று அவருக்கும் தெரியும்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு இல்லம்மா, குறைஞ்சிடுச்சு," என்றார்.

"சரிப்பா," என்றாள். போர்வையை விலக்கிவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே எதிர்வீட்டுக்குப் போனாள். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும்படி அந்த வீட்டு அம்மாவிடம் அவள் கேட்பது, திறந்திருந்த கதவு வழியாக அவருக்குத் தெளிவாகக் கேட்டது.